எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ரத்தம்!

டிரிங்... டிரிங்... டிரிங்...

மேஜை மேலிருந்த தொலைபேசி விடாமல் அலறியது.

மேஜைக்குக் கீழே மேனேஜர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் டைல்ஸ் இடுக்குகளில் வளைந்து வளைந்து ஓடி, குப்பைக்கூடை வரைக்கும் போய்விட்டிருந்தது.

அவரைப் பிளந்த கட்டை இன்னும் அவனுடைய வலது கையில் இருந்தது. நிற்கிற விமானம் உருண்டு ஓடிவிடாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. நல்ல கனம்!

இடது கை தன்னால் போய் ரிசீவரை எடுத்தது. பதினொரு வருஷப் பழக்கம்!

"வணக்கம். விமான நிலைய விசாரணை..."

"சார், உங்க ஃப்ளைட் போகுதே அந்த மலையடிவாரத்து ஊரு... அது எவ்வளவு தூரம் சார்? எவ்வளவு நேரமாகும்?" ஒரு பெண்குரல்.

"எண்ணூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர்மா. ரெண்டே முக்கா மணி நேரம்."

"எதிர்க்காத்து அடிச்சா கூட ஆகுமா சார்?"

"எந்தக் காத்து அடிச்சாலும் ரெண்டே முக்காதான்மா. இன்னைக்கு மழை, ஃப்ளைட் கேன்சல். நாளைக்குக் கூப்பிடுங்க."

"தேங்க்ஸ் சார். எவ்வளவு பொறுமையா பதில் சொல்றீங்க!"

ரிசீவரை வைத்தான். அதில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அந்தப் பொறுமைசாலிக்கு அந்த நிலையத்தில் பெயர் மாப்பிள்ளை. மேனேஜரின் தங்கையைக் கட்டியவன். மேனேஜர் வாய் நிறைய 'மாப்ளே' என்று கூப்பிட, மூட்டை தூக்குகிறவரிலிருந்து பைலட் வரைக்கும் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளையாகிவிட்டான். சின்ன நிலையம். ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு ஊருக்குப் போய் வரும். அந்த ஊருக்குத் தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது இவன் வேலை.

ஆனால் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

பயம்!

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மேனேஜர் இதே அறையின் கதவைச் சாத்திவிட்டு அவனை உட்காரச் சொன்னார்.

"மாப்ளே, நம்ம பயணிங்க நாலு பேர் வீட்டுல திருட்டு நடந்திருக்கு. எல்லாம் ஊருக்குப் போன சமயத்துல. கடைசி வீட்டுல டாக்டர் மட்டும் பயணத்தை நிறுத்திட்டு வீட்டுலயே தங்கியிருக்காரு. பாவம், கழுத்தை அறுத்துட்டானுங்க."

"பேப்பர்ல பார்த்தேன் மச்சான். கலிகாலம்."

"ஊருக்குப் போறதை யார்கிட்ட சொன்னீங்கன்னு ஒவ்வொரு வீடா போய்க் கேட்டேன். டாக்டரோட சம்சாரம் அழுதுக்கிட்டே என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க விசாரணையில ஒரு தங்கமான மனுஷன் இருக்காரு சார். எத்தனை நாள் தங்கப்போறீங்க, வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்களா, நாயை யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்கன்னு எவ்வளவு அக்கறையா கேட்டாரு'ன்னாங்க."

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஏன்யா... ஊருக்குத் தூரம் சொல்ற உனக்கு அவங்க வீட்டு நாயைப் பத்தி என்னய்யா கேள்வி?"

பதினைந்து வருஷமாக 'நீங்க' போட்டவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'நீ' போட்டார்.

"மச்சான்... என் தம்பிதான் எல்லாம்... நான் தகவல் மட்டும்தான் சொன்னேன். கொலை பண்ணுவான்னு சத்தியமா தெரியாது!"

"அதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு. போன் பண்ணிட்டேன், கிளம்பிட்டாரு." மேனேஜரின் குரல் உடைந்தது. "என் தங்கச்சி முகத்துல நான் எப்படிய்யா முழிப்பேன்?"

கண்ணைத் துடைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். திரும்பியிருக்கக் கூடாது!

கயிறு மாற்றுவதற்காக மூலையில் போட்டிருந்த சக்கரக் கட்டை மாப்பிள்ளையின் கைக்கு வந்தது.

ணங்!

முதல் அடியிலேயே மேனேஜர் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு விழுந்த அடியெல்லாம் அவன் பயத்துக்கு விழுந்தவை.

இப்போது என்ன செய்வது?

ஊருக்கு ஒரே ரோடு. அந்த ரோட்டில்தான் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார். எதிரே போய் வணக்கமா சொல்ல முடியும்? மாட்டினால் தூக்கு. ஒரு கொலை இல்லை, டாக்டரோடு சேர்த்து இரண்டு!

ஜன்னலுக்கு வெளியே ஒரு சத்தம்.

கிர்ர்ர்ர்...

நிலையத்தின் ஒரே விமானம் மழையில் நனைந்தபடி எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பயணம் ரத்தானால் மெக்கானிக் சும்மா இருக்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருப்பார். காலையிலேயே எரிபொருளும் நிரப்பியாயிற்று.

மாப்பிள்ளை அதையே பார்த்தான். வேறு வழியில்லை. ரிசீவரை மறுபடி எடுத்தான்.

"டேய் தம்பி! நீ ஒளிஞ்சிருக்கிற மலையடிவாரத்து ஏர்போர்ட்டுக்கு வண்டியோட போய் நில்லு. மச்சானை முடிச்சிட்டேன். நான் அங்க வரேன்."

"ஐயோ! எதுலண்ணே வருவ?"

"ஃப்ளைட்லதான்."

"நீயா? ஊஞ்சல்ல உக்கார்ந்தாலே உனக்கு வாந்தி வருமே!"

"வாயை மூடுடா. அங்க போலீஸ் ஸ்டேஷன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. சுத்திக்கிட்டு வர மூணு மணி நேரமாவது ஆகும். இங்க பொணத்தைப் பார்த்த நிமிஷமே போன் பண்ணினாலும் மூணு மணி நேரம். நான் ரெண்டே முக்கா மணியில வந்து இறங்கிடுவேன். நமக்குக் கால் மணி நேரம் மிச்சம். அதுக்குள்ள எல்லையைத் தாண்டிடலாம்."

"சரிண்ணே. அங்க வாட்ச்மேனுக்கு என் மூஞ்சி தெரியும். நான் வண்டியிலயே இருக்கேன், உன்னைக் கூட்டிட்டு வர ஒரு ஆளை அனுப்பறேன்."

மாப்பிள்ளை தன் செல்போனைக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான். இனி அவன் எங்கே இருக்கிறான் என்று எந்தக் கோபுரமும் காட்டிக்கொடுக்காது. புத்திசாலிதான்! பார்சல் அறுக்கிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டையோடு மழைக்குள் ஓடினான்.

விமானத்துக்குள் இரண்டே பேர். ஓட்டுகிற இருக்கையில் கேப்டன், நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பின்னால் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக், அவருடைய கணவர். அந்த அம்மா ஓட்டுவார், அவர் பழுது பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான் என்று நிலையத்தில் எல்லோரும் கிண்டலடிப்பார்கள்.

"அடடே மாப்பிள்ளை! என்ன அதிசயம், உள்ளேயே ஏறிட்டீங்க?" மெக்கானிக் சிரித்தபடி நிமிர்ந்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. கத்தி அவர் தொண்டையில்!

"கேப்டன், கதவைச் சாத்திட்டு வண்டியைக் கிளப்புங்க!"

"மாப்பிள்ளை, என்ன இது... சட்டையெல்லாம் ரத்தம்?"

"உங்க மேனேஜர் ரத்தம். உங்க வீட்டுக்காரர் ரத்தமும் சேர்ந்துடக் கூடாதுன்னா கிளப்புங்க. மலையடிவாரத்துக்கு!"

"இந்த மழையிலயா? மேகம் அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க!"

கத்தி ஒரு நூல் உள்ளே போயிற்று. மெக்கானிக்கின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான். விமானம் ஓடுபாதையில் சீறியது.

தரையை விட்டு எழும்பியபோது மாப்பிள்ளையின் குடல் மட்டும் கீழேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை.

"ரேடியோ எது?" என்றான்.

"எதுக்கு?"

"எதுக்கா? இதுக்கு!"

கேப்டனின் தோளுக்கு மேலே எட்டிச் சக்கரக் கட்டையால் ஓங்கி அடித்தான். பேசுகிற கருவி நொறுங்கியது. பக்கத்தில் வழி காட்டுகிற திரையும் சிலந்திவலையாகி அணைந்தது. இரண்டு பேருடைய செல்போன்களையும் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தான்.

"திரையையும் உடைச்சுட்டீங்களே! நான் எதைப் பார்த்து ஓட்டறது?"

"கண்ணால பார்த்து ஓட்டுங்க."

அப்போதுதான் விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. மாப்பிள்ளையின் வாய்க்குள் காலையில் சாப்பிட்டதெல்லாம் திரும்பி வந்தது. மடங்கி உட்கார்ந்து ஓங்கரித்தான்.

மெக்கானிக் காத்திருந்தது இதற்குத்தான்!

ஸ்பானர் மாப்பிள்ளையின் முகத்தில் இறங்கியது. மூக்குக் கண்ணாடி பறந்து போய் விழுந்தது. இரண்டு பேரும் நடைவழியில் கட்டிப் புரண்டார்கள். மெக்கானிக்கின் முழங்கைக்கு அடியில் கண்ணாடி நறநறவென்று பொடியாகிற சத்தம் கேட்டது.

"விடாதீங்க! பிடிச்சுக்கங்க!" கேப்டன் கத்தினாள். கையை எடுத்தால் விமானம் கவிழும். திரும்பிப் பார்க்கத்தான் முடிந்தது.

"என் புருஷனை விடுடா பாவி!"

கத்தி மெக்கானிக்கின் வயிற்றுக்குள் பிடி வரைக்கும் போய் வந்தது.

அவர் "ஹக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, இருக்கைக் காலைப் பிடித்தபடி சரிந்தார். விரல்களுக்கிடையில் ரத்தம் கொப்பளித்தது.

மாப்பிள்ளை மூச்சு வாங்க எழுந்தான். உதடு கிழிந்து, ஒரு பல் ஆடியது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு ஒரு கை தூரத்துக்கு மேல் உலகம் வெறும் கஞ்சி.

கைக்கடிகாரத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து பார்த்தான். நேரம் தெரிந்தது. அது போதும்!

"கேப்டன், எப்போ போய்ச் சேருவோம்?"

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எதிர்க்காத்து. மூணு மணிக்கு மேல ஆகும்."

"கதை விடாதீங்க!" மாப்பிள்ளை பாய்ந்து போய் மெக்கானிக்கின் முடியைப் பிடித்துத் தூக்கினான். "பதினொரு வருஷமா ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கேவா? இதோ பாருங்க. கிளம்பினதிலிருந்து ரெண்டே முக்கா மணியில சக்கரம் தரையைத் தொடணும். ஒரு நிமிஷம் தாண்டினா இவர் கழுத்து. முன்னாடியே எங்கயாவது இறக்கி ஏமாத்தலாம்னு பார்த்தாலும் இவர் கழுத்து!"

"ரெண்டே முக்கா மணி..." அவள் மெல்லச் சொன்னாள்.

"ஆமா."

"முன்னேயும் இல்லாம, பின்னேயும் இல்லாம."

"ஆமாங்கறேன்ல!"

"அப்படி இறக்கினா அவரை ஒண்ணும் பண்ண மாட்டீங்களே?"

"பண்ண மாட்டேன். சத்தியம்."

சத்தியத்துக்கென்ன, வாயிலிருந்து சும்மா வருவதுதானே! இறங்கினதும் இரண்டு பேரையும் முடித்துவிடுவது என்று அவன் எப்போதோ தீர்மானித்தாயிற்று. சாட்சியை உயிரோடு விட அவனென்ன பைத்தியமா?

கேப்டன் தோளிலிருந்த துணியை உருவிப் பின்னால் எறிந்தாள்.

"அதைச் சுருட்டிக் காயத்துல அழுத்திக்கங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க. கேக்குதா?"

"கேக்குது... கேப்டன்..." மெக்கானிக் முனகினார். வேலை நேரத்தில் அவருக்கு மனைவி கேப்டன்தான்.

அதற்கப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும்தான். மாப்பிள்ளைக்குத் தெரிந்து அவ்வளவு நீளமான நேரத்தை அவன் பார்த்ததில்லை. ஜன்னலில் வெள்ளை, வயிற்றில் புரட்டல், காலடியில் ரத்தம். குடலே வெளியில் வந்துவிடுமோ என்கிற மாதிரி இன்னும் இரண்டு தடவை வாந்தியெடுத்தான்.

"இப்ப எங்கே இருக்கோம்?"

"பாதி வழி வந்தாச்சு."

"கீழே ஒண்ணுமே தெரியலையே."

"மேகம் இருக்கிற வரைக்கும் எனக்கும்தான் தெரியாது."

ஒரு சமயம் மேகம் மெலிந்து, இடது ஜன்னல் வழியாக வெயில் ஒரு துண்டு அவன் முகத்தில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக் கொஞ்சம் அசந்தான். விழித்தபோது வெயில் வலது பக்கம் இருந்தது!

திடுக்கிட்டான்.

"கேப்டன்! வெயில் இந்தப் பக்கமில்ல இருந்துச்சு? அந்தப் பக்கம் எப்படிப் போச்சு?"

"மத்தியானம் ஆயிடுச்சுங்க. உச்சி தாண்டினா வெயில் அந்தப் பக்கம் சாயத்தானே செய்யும்?"

கடிகாரத்தை மூக்கில் ஒட்டிப் பார்த்தான். ஆமாம், மத்தியானம்தான். பெருமூச்சு விட்டான்.

மெக்கானிக்கின் முனகல் நின்றிருந்தது.

"ஏங்க!" கேப்டன் வீறிட்டாள். "ஏங்க! பேசுங்க!"



"மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவர் கை நழுவியிருந்தா அந்தத் துணியை நீங்க கொஞ்சம் அழுத்துங்களேன்!"

"எனக்கென்ன நர்ஸ் வேலையா?"

"நாளைக்கு உங்க வீட்டுக்காரம்மா இந்த மாதிரி உங்களுக்காகக் கெஞ்சினா?"

மனைவி என்றதும் மாப்பிள்ளைக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. அண்ணன் என்றால் உயிரை விடுகிறவள். இந்நேரம் சேதி போயிருக்கும். போகட்டும்! எண்ணூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அவள் அழுகிற அழுகை இவன் காதில் விழவா போகிறது?

காலால் மெக்கானிக்கின் கையைத் துணியின் மேல் தள்ளினான். அவர் லேசாக அசைந்தார். உயிர் இருந்தது.

நேரம் ஊர்ந்தது. கடைசியில் கேப்டனே சொன்னாள்.

"பெல்ட்டைப் போட்டுக்கங்க. இறங்கறோம்."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தான். கச்சிதம்! முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பதினொரு வருஷமாக அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எந்தக் காற்று அடித்தாலும் இரண்டே முக்கால்தான்!

"மலை எங்கே? ஒண்ணும் காணோமே?"

"அது மேகத்துக்குள்ள இருக்கு. நம்ம மேல இடிக்காம இருந்தா சரி."

அவன் பெல்ட்டை இறுக்கினான்.

தடால்!

சக்கரங்கள் தரையைத் தொட்டன. விமானம் மழைத்தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி, ஓடுபாதையின் கோடியில் போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. மழை மட்டும் கூரையில் தாளம் போட்டது.

"சொன்னபடி இறக்கிட்டேன். அவரை விட்டுடுங்க."

"விடறேன், விடறேன். முதல்ல நீ எழுந்திரு."

'நீங்க' போயிற்று. அவள் முடியைப் பிடித்து இழுத்து, கழுத்தில் கத்தியை வைத்து, கதவை உதைத்துத் திறந்தான். வெளியே கஞ்சி மாதிரி மழை. தூரத்தில் ஏதோ ஒரு கட்டடம் சாம்பல் நிறத்தில் கலங்கித் தெரிந்தது. எல்லாச் சின்ன நிலையத்திலும் இருக்கிற மாதிரி ஒரு கட்டடம்!

படிக்குக் கீழே மழைக்கோட்டு போட்ட உருவம் ஒன்று நின்றிருந்தது.

"யாருய்யா அது? தம்பி அனுப்பின ஆளா?" மாப்பிள்ளை கத்தினான்.

உருவம் ஒரு அடி கிட்டே வந்தது.

"ஆமாண்ணே!" என்றது மழைக்கோட்டு. "தம்பி வண்டியில இருக்காரு. சீக்கிரம் இறங்குங்க."

"போலீஸ் வந்துட்டாங்களா?"

"இங்க நம்ம ஆளுங்கதாண்ணே எல்லாம். இது யாரு?"

"பைலட். உள்ளே இவ புருஷன் பாதிப் பொணமாக் கிடக்கான். ரெண்டு பேரையும் முடிச்சிட்டுக் கிளம்பணும்."

"காலையில இருந்து மொத்தம் எத்தனைண்ணே?"

"என் மச்சான் ஒண்ணு. சக்கரக் கட்டையாலயே முடிச்சேன். அந்த டாக்டர் கணக்கு என்னோடதில்ல, தம்பியோடது. நான் வீட்டைச் சொன்னதோட சரி."

"அடேங்கப்பா! நீங்க களைச்சுப் போயிருக்கீங்கண்ணே, கை நடுங்குது பாருங்க. கத்தியை இங்க குடுங்க. இவங்களை நான் பார்த்துக்கறேன். நீங்க போய் வண்டியில ஏறுங்க."

மாப்பிள்ளைக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. தம்பி நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறான்! கேப்டனைப் படியில் தள்ளிவிட்டு, கத்தியைப் பிடிப் பக்கமாக நீட்டினான். அந்த ஆள் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என்னங்க..."

மாப்பிள்ளை திரும்பினான்.

மழைக்குள்ளிருந்து ஒரு குரல். பதினைந்து வருஷமாகத் தினமும் கேட்ட குரல்.

அவனுடைய மனைவியின் குரல்!

எண்ணூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர்! அவள் எப்படி இங்கே...?

"எங்க அண்ணனை ஏங்க கொன்னீங்க?"

அவள் குடையில்லாமல் நனைந்தபடி கிட்டே வந்தாள். கஞ்சியிலிருந்து முகம் தெளிந்து வந்தது. அழுது வீங்கிய முகம்.

"சொல்லுங்க! காலையில உங்களுக்கும் சேர்த்துத்தானே காபி வாங்கி வெச்சான் அந்த மனுஷன்? உங்களை வேலைக்குச் சேர்க்க எத்தனை பேர் காலைப் பிடிச்சான்? அவனைப் போய்... கட்டையால... டேய், நீ மனுஷனாடா?"

பளார்!

அறைந்தது அவள்தான். ஆடிக்கொண்டிருந்த பல் மழையில் போய் விழுந்தது.

மாப்பிள்ளை சுற்றும் முற்றும் பார்த்தான். இறக்கைக்குப் பின்னாலிருந்து, புதர்களிலிருந்து, எங்கும் காக்கி. மிருகம் மாதிரி உறுமிக்கொண்டு கேப்டன் மேல் பாய்ந்தான். கழுத்து கைக்கு எட்டுவதற்குள் ஒரு லத்தி முழங்காலில் இறங்கியது. மளுக்! இன்னொன்று விலாவில். நான்கு பூட்ஸ்கள் அவனைச் சேற்றோடு சேற்றாக அழுத்தின.

"என் கால்... ஐயோ, என் கால்!"

"சத்தம் போடாதீங்கண்ணே," என்றார் மழைக்கோட்டு. "தம்பி வண்டியில இருக்காருன்னு சொன்னது பொய்யில்ல. அங்க ஒரு வண்டியில உக்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கிட்டே இருக்காரு. மலையைச் சுத்தி ஜீப் போய்க்கிட்டிருக்கு. இன்னும் கால் மணி நேரத்துல அவரைத் தூக்கிடுவாங்க."

"நீ... நீ யாரு?"

"உங்க மச்சான் காலையில போன் பண்ணிக் கூப்பிட்டாரே, அந்த இன்ஸ்பெக்டர். உங்க ஆபீஸ் போன்ல கடைசியாப் பேசின நம்பரை அழுத்தினேன். 'அண்ணே, கிளம்பிட்டியா?'ன்னு உங்க தம்பி கேட்டாரு. 'ம்'னேன். மீதியை அவரே சொல்லிட்டாரு."

ஆம்புலன்ஸ் விமானத்தை ஒட்டி வந்து நின்றது. டாக்டரும் ஆட்களும் உள்ளே ஓடினார்கள். கேப்டன் படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது.

"நாடி இருக்கும்மா," என்றார் டாக்டர். "துணியை விடாம அழுத்திக்கிட்டிருந்ததால தப்பிச்சாரு. மலையடிவாரத்துல இறக்கியிருந்தா கஷ்டம்தான். ஆஸ்பத்திரிகூடக் கிடையாதே."

கேப்டன் வாய்விட்டு அழுதாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படிம்மா பண்ணீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டார். "ரெண்டு மணி நேரமா எங்க தலைக்கு மேலயே ஏதோ சத்தம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. போன விமானம் போகாம சுத்துதுன்னா ஏதோ காரணம் இருக்கும்னுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, எல்லாரையும் ஒளிச்சு வெச்சேன்."

"ரேடியோ போச்சு, திரை போச்சு. நம்ம நிலையம் எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டற ஒரு முள்ளு மட்டும் உடையாம இருந்துச்சு சார். அதை நடுவுல வெச்சு மேகத்துக்குள்ளயே மெதுவா வட்டம் போட்டேன். மேகத்துக்குள்ள மெதுவாத் திரும்பினா திரும்பற மாதிரியே இருக்காது. ஏறிப் பழக்கமுள்ளவன்னா ஒருவேளை சந்தேகம் வந்திருக்கும்."

"ஆனா இங்க ஏம்மா? வேற எங்கயாவது பெரிய ஏர்போர்ட்ல..."

"போலீசைக் கூப்பிட எங்கிட்ட போன் இல்லையே சார். கூப்பிடாமலே போலீஸ் கட்டாயம் நிக்கிற இடம் எதுன்னு யோசிச்சேன். கொலை நடந்த இடம்தான்!"

சேற்றில் கிடந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். உடைந்த காலைவிட இதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"கடிகாரம் கரெக்டாத்தானே ஓடுச்சு... நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன்... ரெண்டே முக்கா மணி நேரம்! எப்படி...? ஏமாத்திட்டே! நீ என்னை ஏமாத்திட்டே!"

கேப்டன் ஆம்புலன்ஸில் ஒரு காலை வைத்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"அபாண்டமாப் பேசாதீங்க மாப்பிள்ளை! நேரத்துக்குத்தானே கழுத்துல கத்தி வெச்சீங்க, அது நிமிஷம் பிசகாம வந்துச்சா இல்லையா? தூரத்தைப் பத்தி நீங்க வாயே திறக்கலையே!"